அடித்தால்தான் இம்சையா?

அகிம்சை என்றதும் நம் மனம் முதலில் நாடுவது புலால் மறுத்தலையும், நீரை வடிகட்டிப் பருகுதலையும், பொழுது சாயுமுன் உண்ணுதலையுமே. இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், எறும்புக்கும் இரங்கும் இல்லத்தில் உடன்வாழும் ஓர் உயிர் நாளெல்லாம் அஞ்சி வாழுமாயின், அவ்விரதம் நிறைவுடையதாகுமா?

நாம் ஆசிரியப் பயிற்சி நிறுவனமொன்றில் பணியாற்றிய நாளில், பணியிடைப் பயிற்சிக்கு இளம் ஆசிரியை ஒருவர் வந்தார். பாடம் நடத்துவதில் வல்லவர். ஆனால் மாலை மணி நான்கானால் முகம் வெளிறிவிடும். பேருந்துக்குரிய சில்லறை மட்டுமே கையில் இருக்கும். பயணச்சீட்டை வீட்டில் காட்டவேண்டுமாம். சம்பளம் முழுவதும் கணவரிடம் போய்விடும். தாய்வீட்டுக் கடிதங்கள் பிரிக்கப்பட்ட பின்னரே அவரை அடையும். ஒருநாள் தனியே அழைத்து, "அவர் அடிக்கிறாராம்மா?" என்று கேட்டோம். "இல்லைங்கம்மா" என்றார். "அப்படியானால் கொஞ்சம் அனுசரித்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அதன்பின் அவரைக் காணவே இல்லை. நாம் கேட்டது ஒரே கேள்வி; அதுவும் போதாத கேள்வி.

தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினை உரைக்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். அடித்தல் ஐந்தில் ஒன்றே! கால்நடைகளை முன்னிட்டே இவற்றை விளக்குவது வழக்கம். மாட்டுக்கு ஆகாதது மனைவிக்கு ஆகுமா?

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. நம் நாட்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, உடலைத் துன்புறுத்துவதோடு சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் வதைப்பதையும் வன்முறை என்கிறது. இவான் ஸ்டார்க் என்னும் அமெரிக்க அறிஞர் 2007இல் வெளியிட்ட நூலில், இத்தகைய அடக்கியாளுதலை ஒருவரின் சுதந்திரத்துக்கு எதிரான குற்றமாகவே காட்டினார். இங்கிலாந்து 2015இல் இதனைத் தனிக் குற்றமாக்கியது. ஒவ்வொரு செயலும் தனித்தனியே அற்பமாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் கூண்டு தெரியும். அன்று பயணச்சீட்டைச் சோதித்த கை இன்று கைப்பேசியைச் சோதிக்கிறது.

"அக்கறையால் கேட்கிறார்" என்பர் சிலர். அக்கறைக்கும் ஆதிக்கத்துக்கும் வேறுபாடு காண்பது எளிது: அச்சமின்றி "மாட்டேன்" என்று சொல்ல அவளால் முடிகிறதா?

பள்ளியாயினும், ஆலய நிர்வாகமாயினும், மகளிர் சங்கமாயினும், துயருற்றவர் நாடிவருவது இவற்றையே. அங்கிருப்போர் பெண்ணைத் தனியே வைத்துக் கேட்கவேண்டும்: உன் பணம் உன் கையில் உள்ளதா? தாயோடு தடையின்றிப் பேசுகிறாயா? வீட்டில் எதற்கேனும் அஞ்சுகிறாயா? கேட்டதை நம்பவேண்டும், வெளியே பரப்பலாகாது. கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே அமர்த்திச் சமரசம் பேசுவது நம்மவர் வழக்கம். அஞ்சியவள் அவ்விடத்தில் உண்மை பேசாள். பேசினால் வீடு திரும்பியபின் அதற்கு விலை கொடுப்பாள். "உடனே வெளியேறு" என்று நெருக்குவதும் தவறு. பிரியும் வேளையே பேராபத்து மிக்கது. 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும், பாதுகாப்பு அலுவலரையும், ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் அறிவித்து, முடிவை அவளிடமே விடுதல் வேண்டும். பறிபோனது முடிவெடுக்கும் உரிமை. மீட்சி என்பது அதனைத் திரும்பப் பெறுவதே. நமது முடிவை அவள்மேல் ஏற்றினால், நாமும் மற்றொரு கூண்டையே சமைத்தவராவோம்.

எழுபதைக் கடந்த இவ்வயதிலும் அந்த "இல்லைங்கம்மா" நம் செவியில் ஒலிக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டியதை நாம்தாம் கேட்கவில்லை. நம் இல்லங்களிலும் சங்கங்களிலும் இனியேனும் கேட்போமாக.