பாடிப் போகும் முன்

கபடியில் ஒரு முறை பாடிப் போக 30 வினாடிதான். அதற்கான மூச்சைக் களத்தில் இறங்கிய பிறகு தேட முடியாது. போட்டிக்கு மாதங்கள் முன்பே சேர்த்துவைக்க வேண்டும். பெண்ணாடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளாற்று மணல் பக்கத்திலேயே இருக்கிறது. மணலில் ஓடிப் பழகிய கால் தரையில் பறக்கும்.

புதுப் பயிற்சியாளர் வந்தால் முதலில் கசப்பது இந்த ஓட்டம்தான். "பிடி கற்றுத் தராமல் ஓடவிட்டே கொல்கிறாரே" என்ற முணுமுணுப்பு எந்த ஊரிலும் கேட்கும். வேறு ஆட்டம் ஒன்றைப் பாருங்கள்: ஆஸ்திரேலியக் கால்பந்தில் காலிங்வுட் அணி 2021-இல் 18 அணிகளில் 17-ஆவது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் கிரேக் மெக்ரே பயிற்சியாளரானார். அங்கே போட்டிப் பருவத்துக்கு முந்தைய பயிற்சி கொளுத்தும் கோடையில் நடக்கும். 2023-இல் வெறும் 4 புள்ளி வித்தியாசத்தில் கோப்பை அவர்கள் கையில்!

நம் தமிழ் தலைவாஸ் கபடி அணி 2022-இல் முதன்முறையாக அரையிறுதி கண்டதும் ஆஷன் குமார் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகுதான். அவர் வந்தது தொடரின் நடுவில். அப்படி நடுவில் வந்து அணியைத் தூக்கிவிடுவது அபூர்வம், அதை நம்பி ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

பொங்கல் போட்டிக்கு மார்கழியில் ஓடத் தொடங்கினால் தாமதம். ஐப்பசி மழையில் ஆற்றில் தண்ணீர் வருமுன் மணலில் இறங்கிவிடுங்கள், தம்பிகளே.