யார் கொடுத்த வாக்கு?

சொன்ன சொல் தவறுவது பாவம் என்பதில் கோவில்பட்டிக் கரிசல் சீமையில் இரண்டு பேச்சு இல்லை. கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர் பின்வாங்கினால் ஊர் அதை லேசில் மறக்காது. பிராட்பேண்ட் ஒப்பந்தமும் இந்த அறவுணர்வின் பலத்தில்தான் நிற்கிறது. ஒரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டவர் நடுவில் இணைப்பை விட்டால் விலகல் கட்டணம் கேட்கிறார்கள், அல்லது மோடத்துக்கு வாங்கிய டெபாசிட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். முறையிட்டால், 'நீங்கள்தானே ஒத்துக்கொண்டீர்கள்' என்று பதில் வருகிறது. அப்படியானால் விலகுகிறவர் வாக்குத் தவறியவரா? அவரால் எதிர்த்தரப்புக்கு நேர்ந்த நட்டம் அவர் தலைமேல் உள்ள கடன்தான். அதைத் தாண்டி வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் வாக்கின் பெயரால் நடக்கும் பறிப்பு என்பதே என் வாதம்.

மானாவாரிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு. ஐப்பசி மழை ஏமாற்றினால் நிலக்காரர் பங்கும் அதோடு போகும். குத்தகை என்றால் பருத்தி வெடித்தாலும் கருகினாலும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். இணைய ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் குத்தகைக்காரராகக் கட்டுப்படுகிறார். நிறுவனமோ வாரக்காரர்போல வானத்தைக் கைகாட்டுகிறது. கேபிள் அறுந்து மோடத்தில் சிவப்பு விளக்கு மூன்று நாள் மினுக்கினாலும், 'தடையில்லாச் சேவைக்கு உத்தரவாதமில்லை' என்ற பொடி எழுத்து நிறுவனத்தைக் காக்கும். மழை பொய்த்துத் திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் குடும்பத்தைக் காக்க அதே தாளில் பெரும்பாலும் ஒரு வரியும் இராது.

'கம்பி இழுத்த கூலி, இலவசமாகக் கொடுத்த மோடம், இதற்கெல்லாம் போட்ட முதல் என்ன ஆவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த முதல் மாதாமாதம் திரும்பி வருகிறது. ஆகவே விலகல் கட்டணமும் மாதாமாதம் இறங்க வேண்டும். இரண்டாம் மாதம் விலகுகிறவரிடமும் பதினோராம் மாதம் விலகுகிறவரிடமும் ஒரே தொகை கேட்டால், அது நட்டக் கணக்கில்லை என்பதை அந்தத் தொகையே காட்டிக்கொடுக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், தாளில் எழுதிய தொகையை உச்சவரம்பாக மட்டுமே கொண்டு, அதற்குள் நியாயமான ஈட்டை அனுமதிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நட்டத்துக்குப் பொருந்தாத அபராதத்தை நியாயமற்ற ஒப்பந்தத்தின் இலக்கணத்திலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வழக்கை மாவட்ட ஆணையத்தில் அல்ல, மாநில ஆணையத்தில்தான் தொடுக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்காக யார் அவ்வளவு அலைவார்கள்?

'கையெழுத்துப் போட்டது போட்டதுதானே' என்பது இதைவிடக் கனமான மறுப்பு. சூடத்தை அணைக்கிறவர் தன் வாயால் சொன்ன சொல்லுக்குத்தான் சாமிக்குப் பதில் சொல்கிறார். இங்கே சொல் முழுவதும் ஒரு தரப்பு எழுதியது. மற்றவருக்கு ஒரு வரியைக்கூட அடிக்க உரிமையில்லை. வேலை ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிய பிரஜோநாத் கங்குலி வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், பேரம் பேச வழியில்லாதவர்மேல் சுமத்திய, மனசாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனை செல்லாது என்றது. வள்ளுவரும் வணிகரின் அறத்தைப் பொருட்பாலில் வைக்கவில்லை; நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக, அறத்துப்பாலில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பார்க்கிற வணிகர், மோடத்தைத் திரும்ப வாங்கும்போது தேய்ந்ததற்கு மட்டும் விலை போடுவார். மீதியைக் கையில் கொடுத்துவிட்டால், யாருடைய வாக்கும் தவறியதாகாது.