சான்றிதழுக்காகச் செய்யும் தொண்டு

கல்வியாண்டு முடியப்போகிறது என்றால் சில கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வருகைப் பதிவேடு திடீரென நிறைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதற்குமான கையெழுத்துகள் ஒரே அமர்வில், ஒரே பேனாவில் விழுகின்றன. முகாமில் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொண்டவர் அடுத்த பேருந்தில் ஏறிவிடுகிறார். கேட்டால், 'எல்லா இடத்திலும் நடப்பதுதானே' என்கிறார்கள். நடக்கலாம், அறமாகாது. செய்யாத தொண்டுக்கு வாங்கும் சான்றிதழ் பொய்ச்சான்று. அதில் ஒப்பமிடும் பேராசிரியருக்கும் அந்தப் பொய்யில் பங்குண்டு.

காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. தத்தெடுத்த ஊரில் 7 நாள் சிறப்பு முகாம். தொண்டின் வழியே மாணவரின் ஆளுமை வளர வேண்டும் என்பதே நோக்கம்.

அந்த வளர்ச்சி எங்கே நிகழ்கிறது? முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித்தரக் கேட்கும் ஒரு பாட்டியின் திண்ணையில். குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. இ-சேவை மையத்துக்கு அவரை அழைத்துப் போய், வரிசையில் நின்று, 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்ற பதிலைக் கேட்டு, மறுநாளும் போகும் மாணவிக்குப் பொறுமையும் பேச்சும் அரசு இயந்திரத்தின் முகமும் ஒருசேரப் பிடிபடுகின்றன. புகைப்படத்தோடு திரும்பியவருக்கு இதில் எதுவும் கிட்டாது.

பயன் கருதித் தொண்டு செய்யலாமா என்பதில் நம் முன்னோர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர், கைம்மாறு கேளாத மழையைக் காட்டுகிறார். ஈகை அதிகாரத்திலோ, வறியவருக்குத் தருவதைத் தவிர மற்றதெல்லாம் எதிர்பார்ப்புள்ள கொடை என்று முடித்துவிடுகிறார். வள்ளல் ஆய், மறுமைப் பயன் கருதி அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் அல்லன் என்று புறநானூற்றில் முடமோசியார் பாடினார். திரும்பத் தர வல்லவர்க்கு ஈவதை அறத்தை விற்பதாகவே மணிமேகலையும் எண்ணுகிறது. மறுமைக்காகச் செய்வதே வாணிகம் என்றால், மதிப்பெண்ணுக்காகச் செய்வதை என்னவென்பது!

வேலை தேடும் ஏழை மாணவருக்குச் சான்றிதழ் தேவைதான். சான்றிதழுக்காக வந்து, பிறகு தொண்டில் ஒன்றிவிட்டவர்களும் உண்டு. உழைத்தவர் அதைப் பெறுவதில் குற்றமில்லை. உழைக்காதவருக்கும் அதே தாளைத் தந்தால், இரண்டு நாள் வரிசையில் நின்ற மாணவியின் தாளுக்கு என்ன மதிப்பு?

ஆகவே திட்ட அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டை அன்றன்றே மூடுங்கள். வராத நாளில் கையெழுத்து வேண்டாம். சான்றிதழ் பெறுவோர் பட்டியல் பாதியாகக் குறைந்தாலும் குறையட்டும்.