ஒரு வலை, இரு கயிறுகள்

தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுப்பதை நம்முள் பலர் கண்டிருப்போம். வள்ளம் கடலுக்குள் சென்று அரைவட்டமாய் வலையை வளைத்து விட்டுவிட்டுத் திரும்பும். அதன் இரு கயிறுகளும் கரையில் இரு குழுக்களின் கைகளில் இருக்கும். ஆண்களும் பெண்களும் முதியோரும் சிறுவரும் அம்பா பாடிக்கொண்டே பின்னோக்கி நடந்து இழுப்பர். இரு குழுக்களும் தொடக்கத்தில் தொலைவில் நிற்கும். வலை கரையை நெருங்க நெருங்க அவையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். இரு குழுக்களுக்குமிடையே ஒரு போட்டி உண்டு. 'நம் பக்கம் முந்த வேண்டும்' என்ற வேகம் இல்லாவிட்டால் கைகள் சோர்ந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் தன் வீரத்தைக் காட்ட மட்டுமீறி முந்திவிட்டால் வலை கோணிவிடும். மடிக்குள் சேர வேண்டிய மீன் விலகிப் போய்விடும். முந்தியவர்க்கும் பங்கு இல்லை, பிந்தியவர்க்கும் பங்கு இல்லை.

இக்காட்சி நம் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்புகிறது. எதிரியோடு போட்டியிடுவது எளிது. நம்மோடு ஒரே வலையை இழுப்பவனோடு போட்டியிடுவது எங்ஙனம்? அவன் வெற்றி நம் வெற்றியா, நம் தோல்வியா? இவ்வினாவுக்கு விடை தேட நம் கடற்கரைக்குச் சற்றும் தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஓர் உலகத்துக்குள் வாசக அன்பர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அது கார் பந்தய உலகம்.

ஃபார்முலா ஒன் எனப்படும் பந்தயத்தில் ஓர் அணிக்கு இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். ஆண்டிறுதியில் வழங்கப்படும் பட்டங்களும் இரண்டு. 1950 முதல் ஓட்டுநர்க்கு ஒரு பட்டமும், 1958 முதல் காரை உருவாக்கும் அணிக்கு ஒரு பட்டமும் வழங்கப்படுகின்றன. அணிப் பட்டத்துக்கு இருவர் பெறும் புள்ளிகளும் கூட்டப்படும். ஓட்டுநர் பட்டமோ ஒருவனுக்கே உரியது. ஆக, அதே மனிதன் நமக்குத் துணைவனாகவும் எதிரியாகவும் இருக்கிறான். வேறு அணியினனிடம் தோற்றால், 'அவனுடைய கார் நல்ல கார்' என்று சொல்லித் தப்பிக்கலாம். அணித்தோழனிடம் தோற்றால் அந்தச் சாக்கும் இல்லை. அவன் ஓட்டுவதும் நம்முடையதைப் போன்ற கார்தானே! எனவேதான் பந்தய உலகில் ஒருவன் முதலில் வெல்ல வேண்டியவன் தன் அணித்தோழனே என்பர். குடும்பத்தில் அண்ணன் தம்பியரிடையே மூளும் பொறாமை அயலாரிடம் மூள்வதைவிடக் கடுமையாய் இருப்பதற்கும் காரணம் இதுவே அன்றோ? ஒரே தாய், ஒரே உலை, ஒரே நிலம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு அளவுகோல் வேண்டுவதில்லை.

இப்போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1982-ஆம் ஆண்டு நடந்தது ஒன்றே போதும். ஃபெராரி அணியில் கனடா நாட்டு கில் வில்னவ் என்பவரும் பிரெஞ்சுக்காரரான திதியே பிரோனி என்பவரும் தோழர்களாய் இருந்தனர். ஏப்ரல் 25-ஆம் நாள், இத்தாலியிலுள்ள இமோலாவில் பந்தயம். மற்றவர் பின்தங்கிவிட, ஃபெராரியின் இரு கார்களும் முன்னணியில் சென்றன. வேகத்தைக் குறைக்குமாறு அணியினர் அறிவிப்புப் பலகை காட்டினர். முன்னால் சென்றவர் முன்னாலேயே வெல்லட்டும் என்பதே அதன் பொருளென வில்னவ் நம்பினார். வேகத்தைக் குறைத்துக் காரைக் காக்கச் சொன்னார்களேயன்றி, முந்தக் கூடாதென்று எவரும் சொல்லவில்லை என்பது பிரோனியின் வாதம். கடைசிச் சுற்றில் பிரோனி முந்திச் சென்று வென்றுவிட்டார். இனி அவரோடு ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று வில்னவ் உறுதி பூண்டார்.

பதின்மூன்றே நாள். மே 8-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஸோல்டர் களத்தில், மறுநாள் பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில், பிரோனியின் நேரம் வில்னவின் நேரத்தைவிடச் சிறிது முந்தியிருந்தது. நேரம் முடியும் தறுவாயில் வில்னவ் களத்தில் பாய்ந்து சென்றார். மெதுவாகச் சென்றுகொண்டிருந்த வேறொரு காரில் மோதித் தூக்கி எறியப்பட்டார். அன்றிரவே உயிர் நீத்தார். அந்த இறுதிக் கணத்தில் அவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை இறைவன் ஒருவனே அறிவான். ஆனால் சமாதானம் ஆகாமலே அவர் போய்விட்டார் என்பது மட்டும் உறுதி. அதே ஆண்டு ஆகஸ்டில் பட்டப் புள்ளிகளில் முதலிடத்தில் இருந்த பிரோனியும் ஜெர்மனியில் விபத்துக்குள்ளாகிக் கால்கள் நொறுங்க, அதன்பின் அப்பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. வென்றவர் யார்?

ஏழாண்டுகள் கழித்து, மெக்லாரன் அணியில் அலன் புரோஸ்ட், அயர்டன் சென்னா என்னும் இரு மாமேதைகள். 1988-இல் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ இவ்விருவருமே வென்றனர். வெளியே எதிரி இல்லாதபோது எதிரி வீட்டுக்குள் பிறந்தான். 1989 அக்டோபரில் ஜப்பானின் சுசூகா களத்தில் ஒரு வளைவில் இருவரும் வழிவிட மறுத்தனர். இரு கார்களும் கொம்பு மாட்டிய காளைகள்போல் ஒன்றோடொன்று சிக்கி நின்றன. புரோஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா மீண்டும் ஓட்டி முதலாவதாக வந்தும் விதிமீறல் என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெற்றிக் கோப்பை வேறோர் அணியின் அலெஸ்ஸாண்ட்ரோ நன்னீனிக்குப் போயிற்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் நம் பழமொழி ஜப்பானிலும் பொய்க்கவில்லை.

இவை யாவும் அயல்நாட்டார் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய ஃபோர்ஸ் இந்தியா அணி 2008-இல் களமிறங்கியது. பெரும் அணிகளைப்போல் அதனிடம் பணம் இல்லை. உழைப்பும் சிக்கனமுமே அதன் மூலதனம். 2017-இல் பாக்கு நகரில் பெரிய பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அதன் ஓட்டுநர்களான செர்ஜியோ பெரெஸும் எஸ்டெபான் ஓக்கோனும் மோதிக்கொண்டனர். அதே ஆண்டு பெல்ஜியத்தில் ஒரே பந்தயத்தில் இருமுறை உரசினர். அதன்பின் இருவரும் தம்முள் தடையின்றிப் போட்டியிட அணி இடம் தரவில்லை. மோதலில் உடைந்தது ஓட்டுநரின் கார் மட்டுமன்று. இரவு பகலாய் அக்காரைச் சீர்செய்த மெக்கானிக்குகளின் உழைப்பும் கூடவே உடைந்தது. அவர்கள் பெயரை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நினைவுகூர்வோம். ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியர், கோவையின் நரேன் கார்த்திகேயன். 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் களத்தில் டயர்ச் சிக்கலால் பல அணிகள் விலகிவிட, ஆறே கார்கள் ஓடின. ஜோர்டன் அணியின் தியாகோ மொன்டேரோ மூன்றாவதாகவும் நம்மவர் நான்காவதாகவும் வந்தனர். மேடையேறியவர் தோழர், நம்மவர் கீழே நின்றார். ஆயினும் இருவரும் சேர்ந்து அன்று ஈட்டிய 11 புள்ளிகள், அவ்வாண்டு முழுவதும் அவ்வணி பெற்ற 12 புள்ளிகளுள் அடங்கியவை. நான்காம் இடம் நாளேட்டில் சிறு எழுத்தில் வரும். அதுவும் அணியின் உலையில் வெந்த சோறுதான்.

அப்படியானால் அணிக்குள் போட்டியே கூடாது என்று விதித்துவிடலாமா? அதையும் செய்து பார்த்தார்கள். 2002-இல் ஆஸ்திரியாவில் முன்னணியில் இருந்த ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, ஃபெராரி அணியின் கட்டளைக்குப் பணிந்து, கோட்டைத் தொடும் தருவாயில் மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். அரங்கம் கூச்சலிட்டது. வென்றவரே வெட்கிப்போய் முதற்படியில் தோழரை ஏற்றி நிறுத்தினார். முடிவை மாற்றும் இத்தகைய கட்டளைகள் 2003 முதல் 2010 வரை தடை செய்யப்பட்டிருந்தன. மோதல் உண்டாகாத இடத்திலும் அநீதி உண்டாகலாம் என்பதை அன்று உலகம் கண்டது. ஒருவனுடைய திறமையை மிதித்து வாங்கும் ஒற்றுமை, ஒற்றுமையாகாது. 'சண்டை வேண்டாம், விட்டுக்கொடு' என்று எப்போதும் ஒருவனிடமே, அதுவும் எளியவனிடமே சொல்லும் குடும்பங்களும் சங்கங்களும் நம்மிடையே இல்லையா?

எனவே குற்றம் போட்டியில் இல்லை. பின் எங்கே இருக்கிறது? நமக்கு மூன்று இடங்கள் புலப்படுகின்றன. ஒன்று, சொல். இமோலாவில் நடந்தது முந்தியதால் வந்த வினையன்று. இருவரிடையே இருந்த உடன்பாடு தெளிவாய்ப் பேசப்படாமையால் வந்த வினை. ஒருவர் வாக்கு என்று கருதியதை மற்றவர் வெறும் குறிப்பு என்று கருதினார். இரண்டு, இடம். வளைவில் தோழனுடைய காருக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டுக் கடப்பவன் போட்டியாளன்; அவ்விடத்தையும் அடைப்பவன் பகைவன். மூன்று, காணாதவர். நம் மோதலின் செலவை யார் சுமக்கிறார்கள் என்று கேளாதவன் வென்றாலும் கடன்காரனே.

இம்மூன்றையும் நம் கடலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று நெடுங்காலமாக ஒரு முறை உண்டு. அஃது ஒரு சொல். அது காக்கப்படும் நாளில் கடல் இரு சாராருக்கும் தாய். மீறப்படும் நாளில் அறுந்த வலையோடு கரைக்குத் திரும்புபவன் நம் சகோதரன். விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் ஒரே கோயிலில் ஒரே பலியில் பங்கு கொள்பவர்கள். அறுந்த வலையின் விலையை அவன் மட்டுமா கொடுக்கிறான்? வட்டிக்கு வாங்கும் அவன் மனைவியும், கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நிற்கும் அவன் மகளும் கொடுக்கிறார்கள். தொண்டி, மோர்ப்பண்ணைப் பக்கங்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் முந்துவதற்காக உயிரைக் கொடுத்துப் பாய் கட்டும் இளைஞர்களை நாம் மெச்சுகிறோம். அவ்வேகம் இறைவன் தந்த கொடை. ஆனால் அதே இளைஞன், ஒரு படகு கவிழ்ந்தால் கோப்பையை மறந்து பாயை இறக்குகிறானே, அங்கேதான் அவன் வீரன்.

நம் பங்குகளின் நிலையையும் ஒளிக்காமல் சொல்வோம். திருவிழாவில் சப்பரத்தை எந்தத் தெருவார் முதலில் தூக்குவது, பாடற்குழுவில் முதற்குரல் யாருடையது, சபையின் தலைமை யாருக்கு என்று நாம் மோதிக்கொள்ளும் மோதல்கள் எத்தனை! செபதேயுவின் மக்கள் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்டபோது மற்றப் பத்துப் பேரும் சினந்தார்கள் என்று நற்செய்தி கூறுகிறது. ஏன் சினந்தார்கள்? தாங்களும் அவ்விடத்தையே விரும்பியதால் அன்றோ? நம் கோபம் பலவேளைகளில் நம் ஆசையின் கண்ணாடி.

நற்செய்தியிலேயே இரு தோழர்கள் ஓடிய ஓட்டம் ஒன்று உண்டு. உயிர்ப்பு நாளின் விடியலில் இராயப்பரும் அருளப்பரும் கல்லறை நோக்கி ஓடினார்கள். அருளப்பர் விரைந்தோடி முதலில் சேர்ந்தார். அவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, பொய்யாய்த் தோற்கவுமில்லை. ஆனால் வாயிலில் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே நுழையாமல் நின்றார். பின்னால் வந்த முதியவர் முதலில் நுழைந்தார். முந்தவும் தெரிந்து, நிற்கவும் தெரிந்த ஒருவரை அங்கே காண்கிறோம்.

சுசூகாவில் மோதிய அவ்விருவரும்கூட இறுதியில் அவ்வாயிலை அடைந்தார்கள். 1993-இல் அடிலெய்ட் நகரில் புரோஸ்ட் தம் கடைசிப் பந்தயத்தை ஓடி இரண்டாவதாக வந்தபோது, வென்ற சென்னா அவரை முதற்படிக்கு இழுத்து அணைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மே முதல் நாள், அதே இமோலாவில் சென்னா விபத்தில் இறந்தார். அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களுள் புரோஸ்டும் ஒருவர். வில்னவுக்கும் பிரோனிக்கும் அந்த நாள் கிட்டவில்லை. பிரோனி பின்னர் விசைப்படகுப் பந்தயத்தில் இறங்கி, 1987-இல் இங்கிலாந்துக் கரையருகே ஓர் எண்ணெய்க் கப்பல் எழுப்பிய அலையில் படகு கவிழ்ந்து மாண்டார். அவருடைய துணைவி அப்போது கருவுற்றிருந்தார். சில மாதங்களில் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளுக்கு அத்தாய் இட்ட பெயர்கள் திதியே, கில். உயிரோடிருந்த இரு தோழர்களால் சேர்த்து உச்சரிக்க இயலாத இரு பெயர்களையும் ஒரு தாய் நாள்தோறும் ஒரே மூச்சில் அழைத்துச் சோறூட்டினார்.

அன்பர்களே, நம்மோடு பேசாதிருக்கும் ஒரு தோழர் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒரே சபையில், ஒரே அலுவலகத்தில், ஒரே வீட்டில் இருக்கலாம். நமக்குக் கிடைத்திருப்பது பதின்மூன்று நாளோ, அதனினும் குறைவோ, யாரறிவார்? கரைவலையின் இரு குழுக்களும் நெருங்கி வந்து தோளோடு தோள் உரசும் வேளையில்தான் மடி கரையேறுகிறது. கயிற்றை நன்றாய் இழுப்போம். அவ்வப்போது மறுபக்கத்துக் கயிற்றையும் திரும்பிப் பார்ப்போம்.