இடுகிறவள் தன்னவளானால்

1970 அக்டோபரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் செயலர் பால் பவல் காலமானார். தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஓர் ஓட்டல் அறையில்தான் அவர் குடியிருந்தார். அந்த அறையைத் திறந்து பார்த்தபோது செருப்புப் பெட்டிகளிலும் கைப்பெட்டிகளிலுமாக ஏறத்தாழ 8 லட்சம் டாலர் ரொக்கம் இருந்தது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 30,000 டாலரைத் தாண்டியதே கிடையாது. வண்டி நம்பர் பிளேட்டுக்கான காசோலைகளைப் பொதுமக்கள் அவர் பெயருக்கே எழுதிவந்த காலம் அது. கல்லறையில் அவர் விருப்பப்படி, வாழ்நாள் முழுதும் ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தவர் என்று பொறித்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

வெளிநாட்டுத் தலைவர்களோடு கைகுலுக்கும் அமெரிக்க வெளியுறவு அமைச்சரை நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே பட்டத்தோடு பெரும்பாலான மாநிலங்களிலும் ஒருவர் இருப்பது அமெரிக்கர்கள் பலருக்கே தேர்தல் நெருங்கும்போதுதான் நினைவுக்கு வரும். மாநில முத்திரையைக் காப்பது, சட்டங்களைப் பதிவில் வைப்பது, கம்பெனிகளைப் பதிவு செய்வது, நோட்டரிகளை நியமிப்பது என்று பழைய குமாஸ்தா வேலைகள்தான் இவருடையவை. இல்லினாயிலும் மிச்சிகனிலும் ஓட்டுநர் உரிமமும் இவர் கையில். இல்லினாயில் கூடுதலாக இவரே மாநில நூலகர். உரிமம் வாங்க வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அவர் பெயர் படும். ஆளுநர் நாற்காலிக்கு அது நல்ல படிக்கட்டு. 1991 முதல் அங்கே செயலராக இருந்த ஜார்ஜ் ரயன் அப்படித்தான் 1999இல் ஆளுநரானார். அவருடைய அலுவலகத்தில் லாரி ஓட்டுநர்களுக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்தார்கள் என்பதும், அந்தப் பணத்தில் ஒரு பகுதி அவருடைய தேர்தல் நிதிக்குப் போனது என்பதும் பிறகு வெளிவந்தது. அப்படி உரிமம் பெற்ற ஓர் ஓட்டுநரின் லாரியிலிருந்து கழன்று விழுந்த இரும்புத் துண்டால் 1994இல் ஒரே குடும்பத்தின் ஆறு குழந்தைகள் எரிந்து இறந்தார்கள். 2006இல் நீதிமன்றம் ரயனைக் குற்றவாளி என்றது.

இத்தனைக்கும் இல்லினாய்ச் செயலர் தேர்தல் நடத்துவதில்லை. அதற்குத் தனி வாரியம் இருக்கிறது. நம்பர் பிளேட்டையும் உரிமத்தையும் வைத்தே இவ்வளவு முடிந்தது. வேறு பல மாநிலங்களில் இதே செயலர்தான் தலைமைத் தேர்தல் அதிகாரி. வாக்காளர் பட்டியலின் விதிகள், வேட்பாளர் தகுதி, எந்திரங்களுக்கான அனுமதி, கடைசியில் முடிவைச் சான்றளித்துப் போடும் கையெழுத்து, எல்லாம் அவருடையது.

50 மாநிலங்களில் 47இல் இந்தப் பதவி உண்டு. அலாஸ்கா, ஹவாய், யூட்டா மூன்றிலும் துணை ஆளுநரே இந்த வேலையைப் பார்க்கிறார். 35 மாநிலங்களில் மக்கள் வாக்களித்துச் செயலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்பதில் ஆளுநர் நியமிக்கிறார். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், டென்னசி மூன்றிலும் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. மக்கள் தேர்ந்தெடுப்பது என்றால், பெரும்பாலும் கட்சிச் சின்னத்தோடு, கட்சிப் பணத்தோடு, கட்சி மேடையில் நின்று ஜெயிப்பது. வாக்கு எண்ணிக்கைக்குப் பொறுப்பானவர் முதலில் வாக்குக் கேட்டு வர வேண்டும். இரண்டாம் முறை நின்றால், தன் வெற்றிக்குத் தானே சான்றிதழ் எழுத வேண்டும்.

இதை ஏற்படுத்தியவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்துக் காற்று வீசியபோது, ஆளுநர் தன் ஆட்களுக்குப் பதவிகளைப் பங்கு போடுவதைத் தடுக்க வேண்டுமென்று மாநிலங்கள் நினைத்தன. நீதிபதி, தணிக்கையாளர், பொருளாளர், செயலர் என்று கண்ணில் பட்ட பதவியையெல்லாம் வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். மக்கள் மீது வைத்த நம்பிக்கை அது, பொய்யான நம்பிக்கையும் அல்ல. ஆனால் வாக்குச்சீட்டு நீண்டுகொண்டே போயிற்று. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் குத்திய கை, கீழே செயலர் வரிசைக்கு வருவதற்குள் அலுத்துவிடும். பலர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் கட்சியைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அலுப்பின் விலை 2000ஆம் ஆண்டில் ஃபுளோரிடாவில் தெரிந்தது. ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் புஷ்ஷுக்கும் கோருக்கும் இடையே சில நூறுதான் வித்தியாசம். முடிவைச் சான்றளிக்க வேண்டியவர் மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ். அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவராக இருந்தவரும் அவரே. ஆளுநரோ புஷ்ஷின் தம்பி. பாம் பீச் கவுண்டி கையால் எண்ணி முடிக்க இன்னும் சில மணி நேரம் கேட்டது. ஹாரிஸ் மறுத்தார். நவம்பர் 26 அன்று 537 வாக்கு வித்தியாசத்தில் புஷ் வென்றதாகக் கையெழுத்திட்டார். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை முடித்துவைத்தது.

கெடுவைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் இருந்ததா, இல்லையா என்று வழக்கறிஞர்கள் இன்னும் வாதாடலாம். சட்டத்தின் ஒவ்வொரு எழுத்தையும் அவர் சரியாகவே பின்பற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தோற்ற பாதி நாடு அவரை நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று நம் ஊரில் சொல்வார்கள். பந்தியின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுகிறவள் நியாயமாகவே இட்டாலும் சோறு குறைவாகத்தான் தெரியும். இந்தப் பதவி அயோக்கியர்களை உருவாக்குகிறது என்பதல்ல என் குறை. யோக்கியரையும் நிரூபிக்க வழியில்லாத இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறது.

இரண்டு ஆண்டுகளில் ஹாரிஸ் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஃபுளோரிடாவில் மக்கள் தேர்ந்தெடுத்த கடைசிச் செயலர் அவர்தான். 2003 முதல் அங்கே ஆளுநரே செயலரை நியமிக்கிறார். இந்த மாற்றத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தது 1998இல். அவரைத் தேர்ந்தெடுத்த அதே நாளில் அவருடைய பதவியைத் தேர்தலிலிருந்து நீக்கவும் அவர்கள் வாக்களித்திருந்தார்கள்.

2004இல் ஒஹையோவின் முறை. அங்கே செயலர் கென் பிளாக்வெல்லும் புஷ் பிரசாரத்தின் இணைத் தலைவர்களுள் ஒருவர். வாக்காளர் பதிவுப் படிவங்கள் அஞ்சலட்டையைப் போல் தடித்த தாளில் இருந்தால்தான் ஏற்க வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார். குடியாட்சியைக் காகிதத்தின் கனத்தால் அளந்தவர் என்ற பெயர் மட்டும் நிலைத்தது. அதே ஆண்டில், வெளிநாடுகளில் தேர்தல்களைக் கண்காணித்துப் பழகிய முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், நியாயமான தேர்தலுக்கு உலகம் கேட்கும் அடிப்படைத் தகுதிகளில் சில ஃபுளோரிடாவில் இல்லை என்று எழுதினார். கட்சி சாராத தேர்தல் ஆணையம் அவற்றில் முதலானது.

கார்ட்டரின் சொந்த மாநிலமான ஜார்ஜியாவில் 2018இல் நடந்ததை மெதுவாகத்தான் பார்க்க வேண்டும். மாநிலச் செயலர் பிரையன் கெம்ப் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். எதிரே ஸ்டேசி ஏப்ரம்ஸ். பெயரில் ஓர் எழுத்தோ ஒரு சிறு கோடோ மற்ற ஆவணங்களோடு பொருந்தாததற்காகச் சுமார் 53,000 பதிவு விண்ணப்பங்கள் கெம்ப்பின் அலுவலகத்தில் நிலுவையில் கிடந்தன. பெரும்பாலானவை கறுப்பின மக்களுடையவை. பதவியிலிருந்து விலகிப் போட்டியிடுங்கள் என்று கார்ட்டர் கடிதம் எழுதினார். கெம்ப் விலகவில்லை. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், ஜனநாயகக் கட்சி வாக்காளர் பதிவுத் தளத்தில் ஊடுருவ முயன்றதாக விசாரிக்கிறோம் என்று செயலர் அலுவலகம் அறிவித்தது. அதற்கு ஆதாரம் இல்லையென்று விசாரணை முடிந்தது 2020இல். வாக்களிக்கப் போன கெம்ப்பின் சொந்த அட்டையையே எந்திரம் செல்லாது என்று தள்ளியது. அவருக்கு உடனே வேறு அட்டை கிடைத்தது. ஏறத்தாழ 55,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து, தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் செயலர் பதவியிலிருந்து விலகினார்.

அதே ஆண்டு கேன்சஸில் செயலர் கிரிஸ் கோபாக், குடியரசுக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் தேர்வில் 343 வாக்குகளில் முந்தினார். சில நாள் அழுத்தத்துக்குப் பிறகுதான் எண்ணிக்கைப் பொறுப்பைத் தன் துணையிடம் விட்டார். 2022இல் அரிசோனாவில் கட்சிகள் இடம் மாறின. ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் செயலராக இருந்துகொண்டே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். விலகி நில்லுங்கள் என்று இம்முறை கேட்டது குடியரசுக் கட்சி. அவரும் விலகவில்லை. டிசம்பர் 5 அன்று தன் வெற்றி அடங்கிய பட்டியலில் மற்ற மூவரோடு தானும் கையெழுத்திட்டார். கெம்ப்பைக் கண்டித்தவர்களில் எத்தனை பேர் ஹாப்ஸையும் கண்டித்தார்கள் என்று தேடினால் நீண்ட பட்டியல் கிடைக்காது.

கெம்ப் விட்டுப்போன நாற்காலிக்கு ஜார்ஜியாவில் வந்தவர் பிராட் ரஃபென்ஸ்பெர்கர். பொறியாளர், குடியரசுக் கட்சிக்காரர், டிரம்ப்பை ஆதரித்தவர். 2020இல் அங்கே பைடன் வென்றார். எந்திரம் ஒருமுறை எண்ணியது, சுமார் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் ஒருமுறை எண்ணினார்கள், பிறகு எந்திரம் மீண்டும் எண்ணியது. மூன்றும் ஒரே முடிவைச் சொன்னன. கடைசி எண்ணிக்கையில் வித்தியாசம் 11,779. 2021 ஜனவரி 2 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் தொலைபேசியில் அழைத்து, தனக்கு வேண்டியது 11,780 வாக்குகளைக் கண்டுபிடிப்பதுதான் என்றார். ஒரு மணி நேரம் பேசினார். மிரட்டல், கெஞ்சல், கணக்கு எல்லாம் அதில் இருந்தன. உங்களிடம் இருக்கும் தரவு தவறு என்பதுதான் ரஃபென்ஸ்பெர்கரின் பதில். மறுநாள் அந்த ஒலிப்பதிவு ஊரெல்லாம் கேட்டது. முடிவுக்கு ஆளுநராகக் கையெழுத்திட்டவர் கெம்ப். அவரை ஆதரித்ததற்காக வெட்கப்படுவதாக டிரம்ப் சொல்லியிருந்தார். மனிதர்களை ஒரே வரியில் எழுதி முடிக்க முடியாது என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

நேர்மைக்கு என்ன கிடைத்தது? ரஃபென்ஸ்பெர்கர் வீட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2021 மார்ச்சில் ஜார்ஜியா சட்டமன்றம் புதிய தேர்தல் சட்டம் இயற்றியது. மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமை செயலரிடமிருந்து பறிபோயிற்று, வாரியத்தில் அவருக்கிருந்த வாக்குரிமையும் போயிற்று. அதற்குக் கையெழுத்திட்டவரும் கெம்ப்தான். இந்தப் பதவியில் இருந்தவர் வேட்பாளராகவும் நின்றபோது அதிகாரத்தைக் குறைக்கத் தோன்றாத சட்டமன்றத்துக்கு, பதவியில் இருந்தவர் கணக்கை மாற்ற மறுத்தபோது தோன்றிவிட்டது.

அதன் பிறகு யாருக்கும் இந்த வரிசையில் அலுப்பு வரவில்லை. 2020 முடிவை ஏற்காதவர்கள் 2022இல் செயலர் பதவியைக் குறிவைத்தே போட்டியிட்டார்கள். அரிசோனா, மிச்சிகன், நெவாடா மூன்றிலும் தோற்றார்கள். ஜார்ஜியாவில் டிரம்ப் ஆதரவு பெற்ற ஜாடி ஹைஸைக் கட்சிக்குள்ளேயே 52 சதவீத வாக்குகளோடு ரஃபென்ஸ்பெர்கர் தோற்கடித்தார். இதைக் கொண்டாடினார்கள். கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் நாட்டில் தேர்தல் ஒழுங்காக நடக்குமா என்பதே ஒரு தேர்தலின் கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஆம்’ என்ற பதில் ஜெயித்தாக வேண்டும். ‘இல்லை’ ஒருமுறை ஜெயித்தாலே போதும்.

நியமித்துவிட்டால் தீர்ந்துவிடுமா? பென்சில்வேனியாவில் ஆளுநர்தான் செயலரை நியமிக்கிறார். 2022இல் அங்கே ஆளுநர் பதவிக்கு நின்ற டக் மாஸ்ட்ரியானோ, எந்திரங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யும் அதிகாரம் தான் நியமிக்கும் செயலர் வழியாகத் தன் கைக்கு வரும் என்று வெளிப்படையாகவே பேசினார். அவர் தோற்றது வேறு விஷயம். விஸ்கான்சினில் வேறு வழி பார்த்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட வாரியம் ஒன்று தேர்தலை நடத்தியது. கட்சிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, 2016இல் கலைத்துவிட்டு இரு கட்சிகளுக்கும் சமபங்குள்ள ஆறு பேர் ஆணையத்தை அமைத்தார்கள். அங்கே மாநிலச் செயலரும் உண்டு. டக் லஃபாலெட் என்பவர் 2023 வரை தொடர்ந்து நாற்பது ஆண்டு அந்தப் பதவியில் இருந்தார். வேலைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டு அலுவலகம் சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போனது. அவரையும் மக்கள் கட்சி பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர் சற்று நிமிர்ந்து உட்காரக்கூடும். நமக்கு அரசியலமைப்பின் 324ஆம் பிரிவு தந்த தேர்தல் ஆணையம் இருக்கிறது. அதன் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் 2023 டிசம்பர்ச் சட்டப்படி பிரதமர், அவர் சொல்லும் ஓர் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என மூவர். உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மார்ச்சில் சேர்க்கச் சொன்ன தலைமை நீதிபதிக்கு அதில் இடமில்லை. மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் என்று கூட்டத் தெரியாதவர் இருக்க மாட்டார்.

2025 ஜனவரியில் மிச்சிகன் மாநிலச் செயலர் ஜாஸ்லின் பென்சன் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். 2020 டிசம்பரில் ஆயுதமேந்திய கூட்டம் இரவில் வீட்டைச் சூழ்ந்தபோதும் முடிவை மாற்றாமல் நின்றவர் அவர். மாநிலச் செயலர்கள் குடியாட்சியின் காவலர்கள் என்று பதவிக்கு வருமுன்பே ஒரு நூல் எழுதியவரும்கூட. செப்டம்பரில் ஜார்ஜியாவில் ரஃபென்ஸ்பெர்கரும் அதே பதவிக்குத் தன் பெயரை அறிவித்தார். இருவரும் செயலர் பதவியில் இருந்தபடியேதான் களத்தில் இறங்கினார்கள்.