மனம் ஒன்றிப்போதல்



"மனசு எதிலும் ஒட்டவில்லை, சாமி" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. காய்ச்சலில்லை, கடன்காரன் வாசலில் நிற்கவில்லை. ஆயினும் சோறும் வேலையும் ருசிப்பதில்லை. அதே மனிதருக்கு வேறொரு நாளில் கையும் கருத்தும் ஒன்றாய் ஓடும். பொழுது போனதே தெரியாது. தன்னோடும் உலகத்தோடும் மனம் இப்படி ஒன்றிப்போவது பெரும் வரம். ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நம் காஞ்சிபுரத்துத் தறியையே பாருங்கள். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமான கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறிக்காரர் தனியே அதை நெய்ய முடியாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைப் போட, இழைக்கு இழை உடலும் கரையும் கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு கை பிந்தினால் இணைப்பு காட்டிக்கொடுத்துவிடும். தாளம் பிடித்துவிட்டால் பேச்சே தேவையில்லை. மிதியின் சத்தமே போதும்.

மிகாய் சிக்சென்ட்மிகாய் என்ற மனோதத்துவ அறிஞர் சதுரங்கம் ஆடுகிறவர்கள், மலை ஏறுகிறவர்கள், அறுவைச் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் முதலானோரை விசாரித்து 1975-ல் ஒரு நூல் எழுதினார். வேலை திறமைக்கு மிஞ்சினால் கலக்கம், திறமைக்குக் குறைந்தால் சலிப்பு, இரண்டும் சரியாய்ப் பொருந்தினால் தன்னை மறந்த ஆனந்தம் என்று அவர் கண்டார். சும்மா சாய்ந்திருப்பதால் மனம் ஒன்றிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்!

இனி விஷயத்தின் மறுபக்கம். தறிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அந்த இன்னொருவர் யார்? 1990-களில் அநேக தறிகளில் அது ஒரு சிறு பிள்ளை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிள்ளை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்துவிட்டிருந்தன. தறிக்காரர் கொடியவரல்ல, அவருந்தான் முதலாளியிடம் கடன்பட்டவர். ஆயினும் அவர் மனம் வேலையில் ஒன்றித்தான் இருந்தது, சேலையும் அழகாகத்தான் வந்தது. அந்தப் பிள்ளையின் கையும் நாளடைவில் தாளத்துக்குப் பழகிப்போயிருக்கும். இதை நினைக்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. இந்த ஆனந்தம் தன்னிலேயே நன்மையென்று சொல்ல முடியாது என்பதை அந்த அறிஞரும் பின்னால் ஒப்புக்கொண்டார்.

உலகத்தோடு ஒத்திருப்பதும் இப்படியே. வடக்கன்குளத்துத் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சனங்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சுவரின் நிழலில் முழந்தாளிட்டவர்கள் மனச்சமாதானம் இல்லாமலா செபித்தார்கள்? சமாதானத்தோடுதான் வீடு திரும்பினார்கள். சுவர் விழுந்தபோதுதான் அது குலைந்தது. தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்டும் உறுத்தாத மனத்தை ஆரோக்கியமான மனம் என்பீர்களோ? நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் நிறவெறியை எதிர்த்த மார்ட்டின் லூதர் கிங், 1967 செப்டம்பரில் வாஷிங்டனில் மனோதத்துவ அறிஞர்களின் சபையிலேயே நின்று, அநீதிக்கு ஒத்துப்போகாத மனிதர்கள் உலகுக்குத் தேவை என்று பேசினார்.

அப்படியானால் மனநிறைவையெல்லாம் சந்தேகிக்க வேண்டுமா? வேண்டாம். 1521-ல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுத்த போர்வீரர் ஒருவர், பிற்காலத்தில் அர்ச். இஞ்ஞாசியார் ஆனவர், படுக்கையில் இரண்டு விதமான கனவுகள் கண்டார். வீரச் செயல்களையும் ஒரு சீமாட்டியையும் நினைக்கையில் இனித்தது. நினைவு நீங்கியதும் உள்ளம் வறண்டது. அர்ச்சியசிஷ்டவர்களைப்போல் வாழ்வதை நினைக்கையிலும் இனித்தது. நினைவு நீங்கிய பின்னும் அந்த இனிப்பு தங்கியது. இரண்டுக்கும் வித்தியாசத்தை உடனே அவர் கண்டுகொள்ளவில்லை. நாள் சென்றே கண்டார். அதனால்தான் அவர் ஆத்துமசோதனையை அவ்வளவு வற்புறுத்தினார்.

நாம் அதைப் பாவங்களை எண்ணுவதற்கு மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறோம். இன்றிரவு செபம் முடிந்ததும், மனம் நிறைந்திருந்த ஒரு நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தறியிலோ, கழனியிலோ, அடுப்படியிலோ இருக்கலாம். அப்போது உங்கள் பக்கத்தில் இருந்தவர் யார்? அவருக்கும் அது நல்ல நேரமாயிருந்ததா? தெரியாவிட்டால், காலையில் அவரையே கேட்டுவிடலாம்.