தர்மர் சொன்னாலும் விசாரி



பாரதப் போரின் பதினைந்தாம் நாள். "அசுவத்தாமன் இறந்தான்" என்று பீமன் கத்துகிறான். துரோணர் நம்பவில்லை. தர்மரிடம் கேட்கிறார். பொய்யே பேசாத தர்மர் "ஆமாம்" என்கிறார். செத்தது அந்தப் பெயருள்ள யானை என்பதை மட்டும் வாய்க்குள் முணுமுணுக்கிறார். துரோணர் வில்லைக் கீழே போட்டார், உயிரையும் இழந்தார். மகனோ உயிரோடுதான் இருந்தான்.

துரோணர் எங்கே ஏமாந்தார்? செய்தியை அவர் சோதிக்கவில்லை. சொன்ன ஆளைப் பார்த்து நம்பினார்.

நம்ம புலனக் குழுக்களிலும் இதுதான் நடக்குது. "நாளை முதல் உங்கள் படமெல்லாம் முகநூலுக்குச் சொந்தம். தடுக்க இதை நகலெடுத்துப் போடுங்கள்." 2012 முதல் சுற்றும் புரளி இது. 2024 செப்டம்பரில் "குட்பை மெட்டா ஏஐ" என்று வேஷம் மாற்றி வந்தது. பெரிய பெரிய நட்சத்திரங்களே பகிர்ந்தார்கள். அப்படிப் பதிவிடுவது செல்லாது என்று மெட்டா நிறுவனமே சொல்லிவிட்டது.

பழைய புரளியில் 'ரோம் சட்டம்' என்று ஒரு வரி வரும். 2019-இல் நம் நாட்டில் சர்ச்சையைக் கிளப்பிய அதே ஒப்பந்தம்தான். அது இனப்படுகொலை, போர்க்குற்றங்களை விசாரிப்பதற்கானது. பாட்டியின் பொங்கல் படத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கணக்குத் திறக்கும்போதே 'சம்மதம்' என்று அழுத்திவிட்டோம். பிறகு நாம் மட்டும் எழுதும் அறிவிப்பு அதை மாற்றாது.

அடையாளம் சுலபம்: 'நாளை' என்று அவசரம் இருக்கும், தேதி இருக்காது. பெரிய சட்டத்தின் பெயர் இருக்கும். 'பகிராதே, நகலெடு' என்று சொல்லும். நகலெடுத்தால் முதலில் எழுதியவன் யாரென்று கண்டுபிடிக்க முடியாதே! பத்துப் பேருக்கு எழுதாவிட்டால் சாமி குற்றம் என்று அந்தக் காலத்தில் வந்த கடிதத்தின் பேரப்பிள்ளை இது.

"போட்டா என்ன நட்டம்?" என்று கேட்பீங்க. நட்டம் அந்தப் பொய்யான நிம்மதிதான். சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கம் தோட்டத்தை விட்டுச் சிதறிய குடும்பங்களை இன்று சேர்த்து வைப்பது கோயில் திருவிழாவும் புலனக் குழுவும்தான். 'பூட்டு போட்டாச்சு' என்று நம்பும் அத்தை, அடையாள அட்டைப் படத்தையும் அதே குழுவில் போடுவார்.

அதனால் பெரியவங்களைக் குழுவில் வைத்துக் கேலி செய்யாதீங்க. பக்கத்தில் உட்காருங்க. அமைப்புகளுக்குள் போய், படத்தை யார் பார்க்கலாம் என்பதை மாற்றிக் கொடுங்க. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்க. சந்தேகமான செய்தியை 'செபனார்ஞா' தளத்தில் தேடிக் காட்டுங்க. யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால், உடனே 997-க்கு அழைக்கணும் என்றும் சொல்லி வையுங்க. இதுவும் தொண்டுதான்.

தரையில் படாமல் நாலு விரல்கடை உயரத்தில் ஓடிய தர்மரின் தேர், அந்த ஒரு வார்த்தையால் மண்ணில் இறங்கியது. பொய்யை உருவாக்கியது அவரல்ல, கடத்திவிட்டார், அவ்வளவுதான். விரல் பகிரப் போகும்போது அந்தத் தேரை நினைச்சுக்குங்க.

ஓம் நமசிவாய.